முழங்காலுக்குக் கீழே நான்கு விரல்: சூசான்லி புள்ளியைக் கண்டறிந்து பயன்படுத்தும் முறை

சீன மரபு மருத்துவம், உடலில் ஓடுவதாகத் தான் கருதும் பதினான்கு சக்தி நாளங்களின் மேல் 361 புள்ளிகளை வரையறுத்திருக்கிறது. அக்குபங்சர் பழகத் தொடங்கும் எவரும் அவற்றுள் முதலிலேயே கற்றுக்கொள்ளும் சில புள்ளிகளில் ஒன்று, முழங்காலுக்குச் சற்றுக் கீழே கணைக்காலின் முன்பக்க வெளிப்புறத்தில் அமைந்திருக்கும் சூசான்லி. நம் அக்குபங்சர் மருத்துவர்கள் இதை எஸ்.டி.36 என்று எழுதுவார்கள். இரைப்பை நாளத்தின் முப்பத்தாறாவது புள்ளி என்பதே அந்தக் குறியீட்டின் பொருள். இரண்டு கால்களிலும் ஒவ்வொன்று உண்டு.

இந்தப் புள்ளியைப் பற்றி முன்பின் எதுவும் அறியாத ஒருவர், தன் காலில் அதைத் தானே சரியாகக் கண்டறிந்து, விரலால் பாதுகாப்பாக அழுத்திப் பழகுவதற்கு வேண்டியவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ஊசி குத்துவதைப் பற்றியும், மோக்ஸா எனப்படும் மூலிகைச் சூட்டைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டியவை பின்பகுதியில் வருகின்றன. எல்லாவற்றிலும் நான் அதிக நேரம் செலவிடப்போவது இடத்தைக் கண்டறியும் பகுதியில்தான். எத்தனை நிமிடம் அழுத்துவது, எந்த நோய்க்கு அழுத்துவது என்ற கேள்விகளுடன் வருபவர்கள் பலரும், தங்கள் விரல் சரியான இடத்தில் இருக்கிறதா என்று கேட்பதில்லை. எலும்பின் மேலோ, பக்கத்து நாளத்தின் மேலோ விரலை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அழுத்தினாலும் அதைச் சூசான்லியை அழுத்தியதாகக் கொள்ள முடியாது.

இந்தப் புள்ளிக்கு ஏன் இத்தனை மதிப்பு

இரைப்பை நாளம் கண்ணுக்கு நேர் கீழே தொடங்கி, முகம், கழுத்து, மார்பு, வயிறு வழியாக இறங்கி, தொடையின் முன்பக்கத்தையும் கணைக்காலின் வெளிப்பக்கத்தையும் கடந்து, காலின் இரண்டாம் விரல் நகத்தருகே முடிகிறது. இந்த வழியில் ஒவ்வொரு பக்கமும் 45 புள்ளிகள் உள்ளன. முழங்காலையும் முழங்கையையும் ஒட்டிய சில புள்ளிகளில், நாளத்தின் சக்தி உடலின் உள்ளே ஆழமாகச் சென்று அதற்குரிய உறுப்புடன் சேர்வதாகச் சீன மருத்துவர்கள் கருதினார்கள். இரைப்பைக்கு அப்படிப்பட்ட சேர்விடம் சூசான்லி. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ஹுவாங்டி நெய்ஜிங் என்ற மூலநூலின் லிங்ஷு பகுதியிலேயே, மண்ணீரலிலும் இரைப்பையிலும் கோளாறு தங்கினால் சான்லியில் சரிசெய்க என்ற அறிவுரை இருக்கிறது. சான்லி என்பது சூசான்லியின் சுருக்கப் பெயர். சீனாவின் மிங் அரசமரபுக் காலத்து மாணவர்கள் மனப்பாடம் செய்த நான்கு முதன்மைப் புள்ளிகளின் பாடலும், வயிற்றுக்கும் அடிவயிற்றுக்கும் சான்லி என்றுதான் தொடங்குகிறது.

வயிற்றைத் தாண்டி, நடையினால் வரும் களைப்புக்கும் பொதுவான உடல் பலத்துக்கும் இதை நாடும் வழக்கம் சீனாவில் தொடங்கி ஜப்பானில் ஆழமாக வேரூன்றியது. ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689இல் தன் நாட்டின் வடபகுதியை நோக்கி நெடும்பயணம் கிளம்புவதற்கு முன், கிழிந்த காற்சட்டையைத் தைத்து, தொப்பியின் கயிற்றை மாற்றிக் கட்டி, இரண்டு கால்களிலும் சான்ரிப் புள்ளியில் மோக்ஸா வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். சான்ரி என்பது இதே புள்ளியின் ஜப்பானியப் பெயர். கால்நடையாகப் பல நூறு மைல் போகிறவர் செய்துகொள்ளும் சாதாரண முன்னேற்பாடாக அது அங்கே வருகிறது.

மேலை நாடுகளின் கவனம் அக்குபங்சர் பக்கம் திரும்பிய நிகழ்விலும் முழங்காலுக்குக் கீழுள்ள இந்தப் பகுதிக்கு ஓர் இடம் உண்டு. 1971 ஜூலையில் பெய்ஜிங் சென்றிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு அங்கே குடல்வால் அறுவை நடந்தது. அறுவைக்குப் பின் வயிறு உப்பி வேதனைப்பட்டபோது, மருத்துவர் அவருடைய வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் ஊசிகளைக் குத்தி, வயிற்றருகே மூலிகைச் சூடும் காட்டினார். தன் உபாதை தணிந்ததாக ரெஸ்டன் எழுதிய கட்டுரை அமெரிக்காவில் பெரும் ஆவலைக் கிளப்பியது. அவருக்கு ஊசியால் மட்டுமே மயக்கம் கொடுத்து அறுவை செய்தார்கள் என்று இன்றும் பலர் சொல்வது தவறு. அறுவை வழக்கமான மருந்து கொடுத்துத்தான் நடந்தது. ஊசிகள் அதற்குப் பின் வந்த வயிற்று உப்புசத்துக்கானவை.

அளவுகோல் உங்கள் கைதான்

அக்குபங்சரில் தூரத்தைச் செ.மீ. கணக்கில் சொல்வதில்லை. சுன் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். ஒருவருடைய உடலின் சுன் அவருக்கு மட்டுமே உரியது. ஆறடி உயரமுள்ளவரின் சுன் பெரிது, குழந்தையின் சுன் சிறிது. கட்டைவிரல் நடுமூட்டின் அகலம் 1 சுன். ஆட்காட்டி விரலிலிருந்து சுண்டுவிரல் வரை நான்கு விரல்களையும் சேர்த்து வைத்து, நடுவிரலின் நடுமூட்டு மட்டத்தில் குறுக்கே அளந்தால் 3 சுன். நமக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது அளவு.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது: எவருடைய காலில் புள்ளியைத் தேடுகிறீர்களோ அவருடைய கையால்தான் அளக்க வேண்டும். தாயாரின் காலில் மகன் தன் பெரிய கையை வைத்து அளந்தால் புள்ளி கீழே போய்விடும். தாயாரின் கையையே எடுத்து அவருடைய முழங்காலுக்குக் கீழே வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு மகன் அழுத்தலாம். கால் வீங்கியிருப்பவர்களுக்கும், கைவிரல்கள் மூட்டுவாதத்தால் கோணியிருப்பவர்களுக்கும் இந்த விரலளவு சரிவராது. அப்படிப்பட்டவர்களுக்கு எலும்புகளைத் தடவிக் கண்டறியும் முறையே உதவும். அதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

இடம் கண்டறிவதில் சீனர்கள் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள் என்பதற்குச் சொங் அரசமரபுக் காலத்து வெண்கல மனிதன் சாட்சி. 1027இல் வாங் வெய்யி என்ற அரண்மனை மருத்துவரின் மேற்பார்வையில் ஆளுயர வெண்கல உருவங்கள் இரண்டு வார்க்கப்பட்டன. புள்ளி இருக்கும் இடமெல்லாம் சிறு துளை. தேர்வின்போது உருவத்தின் மேல் மெழுகு பூசித் துளைகளை மறைத்து, உள்ளே நீர் நிரப்புவார்கள். மாணவர் ஊசியைச் சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும். ஒரு விரல் தள்ளிக் குத்தினால் ஊசி உலோகத்தில் முட்டி நிற்கும்.

புள்ளியைக் கண்டறிதல்

கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் முழுதாகப் பதித்து, முழங்காலைச் செங்கோணத்தில் மடக்கிக்கொள்ளுங்கள். உடை முழங்காலுக்கு மேலே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். துணியின் மேலாகத் தேடுவது தொடக்கத்தில் பலன் தராது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கணைக்காலின் தசை புரண்டு இடம் மாறித் தோன்றும் என்பதால் முதல் சில நாட்களுக்காவது நாற்காலியே நல்லது. உட்கார முடியாதவர்கள் மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துக் காலைச் சற்று மடக்கிக்கொள்ளலாம்.

முதலில் முழங்கால் சில்லைத் தொட்டு உணருங்கள். அதன் கீழ்விளிம்பிலிருந்து தடித்த நாண் ஒன்று கணைக்கால் எலும்பை நோக்கி இறங்கும். அந்த நாணின் இருபுறமும், முழங்காலை மடக்கிய நிலையில், கட்டைவிரல் நுனி பதியும் அளவுக்கு இரண்டு குழிகள் தெரியும். வெளிப்பக்கத்துக் குழி, அதாவது வலது காலில் வலப்பக்கத்தது, இடது காலில் இடப்பக்கத்தது, இரைப்பை நாளத்தின் 35ஆம் புள்ளி. நம் அளவு தொடங்குவது இங்கேதான். முழங்கால் சில்லின் கீழ்விளிம்பிலிருந்தே அளக்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. குழியின் நடுவிலிருந்து அளப்பதே உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட புள்ளி வரையறைகளோடு ஒத்துப்போகிறது.

அந்தக் குழியின் மேல் ஆட்காட்டி விரலை வைத்து, மற்ற மூன்று விரல்களையும் அதையொட்டிக் கீழ்நோக்கி அடுக்குங்கள். சுண்டுவிரலின் கீழ்விளிம்பு எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதுவே 3 சுன். அந்த மட்டத்தில் மறுகையின் விரலைக் கணைக்கால் எலும்பின் கூரான முன்விளிம்பில் வையுங்கள். அங்கிருந்து நடுவிரலின் அகலம் அளவுக்கு வெளிப்பக்கம் நகர்ந்தால், எலும்பு முடிந்து சதை தொடங்கியிருக்கும். விரல் இறங்குகிற அந்தச் சதைப்பகுதிதான் சூசான்லி.

இந்த ஒரு வழியை மட்டும் நம்பி நின்றுவிடாமல், வேறு இரண்டு வழிகளாலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது எலும்பு வழி. கட்டைவிரலைக் கணைக்கால் எலும்பின் முன்விளிம்பில், காலின் நடுப்பகுதியில் வைத்து, மெல்ல மேல்நோக்கி வழித்துக்கொண்டே வாருங்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே எலும்பு திடீரெனப் புடைத்து விரலைத் தடுத்து நிறுத்தும். அந்தப் புடைப்பின் கீழ்விளிம்புக்கு நேராக, ஒரு விரலகலம் வெளிப்பக்கத்தில் உங்கள் புள்ளி இருக்க வேண்டும். நான்கு விரல் அளவில் கிடைத்த இடமும் இதுவும் அரை விரலுக்குள் ஒத்துப்போனால் கவலையில்லை. அதற்கு மேல் விலகினால் மறுபடி அளந்து பாருங்கள்; பெரும்பாலும் குழியைத் தவறாகப் பிடித்திருப்பீர்கள்.

இரண்டாவது தசை வழி. விரலைப் புள்ளியின் மேல் இலேசாக வைத்துக்கொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றியபடியே முன்பாதத்தை மேலே தூக்குங்கள். பாதத்தை உயர்த்தும் முன்கணைத் தசை சுருங்கி உங்கள் விரலை வெளியே தள்ளும். பாதத்தை இறக்கினால் அந்த இடம் மீண்டும் மெத்தென்று ஆகும். பாதத்தைத் தூக்கும்போது விரலுக்குக் கீழே எந்த அசைவும் தெரியாவிட்டால் நீங்கள் எலும்பின் மேல் இருக்கிறீர்கள், அல்லது அதிகமாக வெளியே போய்விட்டீர்கள். மூன்று வழிகளிலும் இதுவே எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது, ஏனெனில் இது அளவைச் சாராமல் உயிருள்ள தசையின் அசைவைச் சார்ந்திருக்கிறது.

கடைசியாக விரலை அழுத்திப் பாருங்கள். சரியான இடத்தில், சுற்றியுள்ள சதையில் இல்லாத ஒரு மந்தமான உளைச்சல் எழும். சிலருக்கு அது கணுக்காலை நோக்கி இறங்குவதுபோல் இருக்கும். அந்த உணர்வு தெரியும்வரை விரலகலத்தில் கால்வாசி அளவு முன்னும் பின்னும் நகர்ந்து தேடுவதில் தவறில்லை. சுருக்கென்று மின்சாரம் பாய்ந்ததுபோல் வலித்தாலோ, காலின் மேற்பாதம் மரத்தாலோ உடனே விரலை எடுத்துவிடுங்கள். நரம்பின் மேல் அழுத்தியிருக்கிறீர்கள்.

அடிக்கடி தவறும் இடங்கள்

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறுவது பித்தப்பை நாளத்தின் 34ஆம் புள்ளியோடு. முழங்காலுக்குக் கீழே, காலின் வெளிப்புறத்தில், கணைக்காலின் மெல்லிய இரண்டாம் எலும்பு ஓர் உருண்டை முனையாகத் துருத்திக்கொண்டிருக்கும். அந்த முனைக்கு முன்னும் கீழுமாக உள்ள பள்ளம்தான் அந்தப் புள்ளி. உங்கள் விரல் அந்த உருண்டையைத் தொட்டுக்கொண்டிருந்தால் சூசான்லியைத் தாண்டி வெளியே போய்விட்டீர்கள் என்று பொருள். இந்தத் தவறு வெறும் இடப்பிழையோடு நிற்பதில்லை. அந்த உருண்டை முனைக்குக் கீழே, எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, பாதத்தை உயர்த்தும் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே நீண்ட நேரம் பலமாக அழுத்தினால் பாதம் மரத்துப்போகவும், தூக்க முடியாமல் தொங்கவும்கூட வாய்ப்புண்டு. முழங்கையாலோ மரக்கட்டையாலோ அழுத்த வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இன்னொரு குழப்பம், கணைக்காலின் உட்புறத்தில் கணுக்காலுக்கு 3 சுன் மேலே இருக்கும் சான்யின்ஜியாவ் புள்ளியோடு ஏற்படுவது. இரண்டுக்கும் நான்கு விரல் அளவு என்பதால் படத்தைப் பார்த்து அவசரமாகப் படிப்பவர்கள் மாற்றி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். கர்ப்பிணிகளுக்குத் தொடவே கூடாது என்று மரபு விலக்கி வைத்த புள்ளிகளில் சான்யின்ஜியாவும் ஒன்று என்பதால், இந்த மாறாட்டத்தில் கூடுதல் கவனம் தேவை. இன்னும் கீழே இறங்கிவிடுபவர்களுக்கு ஓர் எளிய அடையாளம்: 35ஆம் புள்ளிக்கும் கணுக்காலின் முன்மடிப்புக்கும் இடையே மொத்தம் 16 சுன். உங்கள் விரல் கணைக்காலின் பாதி தூரத்தில் நின்றால் அது 8 சுன். அங்கே இருப்பது தியாவ்கோ என்ற வேறொரு புள்ளி.

விரலால் அழுத்தும் முறை

இடம் உறுதியானதும் தோலின் மேல் பேனாவால் சிறு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நகம் வெட்டப்பட்டிருக்க வேண்டும். வலது காலுக்கு வலது கையைப் பயன்படுத்தி, நான்கு விரல்களால் கெண்டைக்காலைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு, கட்டைவிரலின் சதைப்பற்றான பகுதியைப் புள்ளியின் மேல் வையுங்கள். விரலின் கூர்நுனியால் குத்தக் கூடாது. தோலுக்குச் செங்குத்தாக, மூச்சை வெளிவிடும்போது மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டி, உளைச்சல் தெரியும் ஆழத்தில் சில விநாடிகள் நிறுத்தி, மூச்சை இழுக்கும்போது தளர்த்துங்கள். விரல் தோலை விட்டு எழ வேண்டியதில்லை.

இப்படி ஒரு காலுக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் போதும். அழுத்திய நிலையிலேயே சிறு வட்டமாகத் தேய்ப்பதும் வழக்கம். அப்போது விரலோடு தோலும் சேர்ந்து நகர வேண்டுமே தவிர, விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது. கட்டைவிரல் வலித்தால் ஆட்காட்டி விரலை மடக்கி அதன் மூட்டால் அழுத்தலாம். எவ்வளவு பலமாக என்று கேட்டால், பேச்சு தடைப்படாத அளவுக்கு என்பேன். முகம் சுளித்து மூச்சைப் பிடித்துக்கொள்ள வைக்கும் அழுத்தம் தசையை இறுக்கிவிடும். இறுகிய தசைக்குள் விரல் இறங்காது. மறுநாள் அந்த இடத்தில் நீலம் பாய்ந்திருந்தால் பலம் அதிகமாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு, அது மறையும்வரை விட்டுவிடுங்கள்.

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை செய்வது வசதியானது. சீன மருத்துவத்தின் நாள்கணக்கில் காலை 7 முதல் 9 மணி வரை இரைப்பை நாளத்தின் வேளை என்பதால் அந்த நேரத்தை விரும்புபவர்கள் இருக்கிறார்கள். நடைமுறையில், வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே தவிர்ப்பதும், தொடர்ந்து ஒரே வேளையில் செய்வதும் போதுமானவை.

என்ன எதிர்பார்க்கலாம்

மரபு இந்தப் புள்ளிக்குக் கொடுக்கும் பலன்களின் பட்டியல் மிக நீளமானது: செரியாமை, வயிற்று உப்புசம், குமட்டல், மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, முழங்கால் வலி, கால் சோர்வு, நெடுநாள் நோயின் பின்னான தளர்ச்சி எனப் போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பட்டியலை அப்படியே நம்பி மருந்தை நிறுத்துவதும், முழுக்க மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும் எனக்கு ஏற்புடையவையல்ல.

விலங்குகளில் நடந்த சில ஆய்வுகள் உண்மையிலேயே கவனத்துக்குரியவை. ஆய்வாளர் லூயிஸ் உல்லோவாவின் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தத் தொற்று உண்டாக்கப்பட்ட எலிகளின் இந்தப் புள்ளியில் ஊசி வழியாக மின்தூண்டல் கொடுத்தபோது, மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பின் வழியாக, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி தூண்டப்பட்டு, டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்து, அழற்சி தணிந்தது. 2021இல் நரம்பியல் ஆய்வாளர் கியூஃபு மாவும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்தப் பாதையின் தொடக்கத்தைத் தேடிச் சென்று, எலியின் பின்னங்காலில் ஆழமான திசுப்படலத்தில் பரவியிருக்கும் ஒரு குறிப்பிட்ட வகை உணர்நரம்புகளே அந்த விளைவுக்குக் காரணம் என்று காட்டினார்கள். அதே வலுக்குறைந்த மின்தூண்டலை வயிற்றுப் புள்ளி ஒன்றில் கொடுத்தபோது அந்த விளைவு வரவில்லை, ஏனெனில் அந்த நரம்புகள் அங்கே அடர்த்தியாக இல்லை. ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் வேறுபாடு இருக்கக்கூடும் என்பதற்கு உடற்கூற்றின் வழியாகக் கிடைத்த ஒரு விளக்கம் இது. நாளங்களும் அவற்றில் ஓடும் சக்தியும் இருப்பதாக இந்த ஆய்வு நிறுவவில்லை. நரம்புகளைப் பற்றித்தான் பேசுகிறது. எலிக்கு ஊசியில் மின்சாரம் கொடுத்துக் கிடைத்த விளைவு, மனிதர் விரலால் அழுத்தும்போதும் கிடைக்கும் என்று சொல்வதற்கும் இதில் ஆதாரமில்லை.

மனிதர்களில் நடந்த அக்குபங்சர் ஆய்வுகளில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. போலி ஊசி பெற்றவர்களும், வேறு இடத்தில் குத்தப்பட்டவர்களும் பல ஆய்வுகளில் கணிசமான நிவாரணம் சொல்கிறார்கள். இதனால் புள்ளியின் பங்கு எவ்வளவு, ஓய்வாகப் படுத்திருந்து கவனிக்கப்படுவதன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினமாகிறது. குமட்டலைப் பொறுத்தவரை, சூசான்லியைவிட மணிக்கட்டுக்கு மேலே உட்கையில் இருக்கும் நெய்குவான் புள்ளிக்கே அதிக ஆய்வுகளும் வலுவான ஆதரவும் இருக்கின்றன. ஆகவே வீட்டில் அழுத்திப் பழகுகிறவர், நெடுநேர நடைக்குப் பின்னான கால் உளைச்சல், இலேசான வயிற்று மந்தம் போன்றவற்றுக்குச் சிறு ஆறுதலாக இதை வைத்துக்கொள்வதே பொருத்தம். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், குடற்புண் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை இதைக் காரணமாக வைத்துக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

அழுத்தக் கூடாத நேரங்கள்

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் சூடாகவும் சிவந்தும் வலியோடும் இருந்தால் அங்கே ஆழமான இரத்தக்குழாயில் உறைகட்டி இருக்கலாம். அந்தக் காலைப் பிடித்துவிடுவதே ஆபத்து. கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். நெடுந்தூரப் பேருந்து அல்லது விமானப் பயணத்துக்குப் பிறகும், அறுவைக்குப் பிறகு படுக்கையில் இருந்தவர்களுக்கும் இந்த நிலை வர வாய்ப்பு அதிகம். கால் வலிக்கிறது என்று அவர்கள் சொன்னதும் அன்போடு அழுத்திவிட உட்கார்ந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

புடைத்துச் சுருண்ட இரத்தக்குழாய் புள்ளியின் மேலாகவே ஓடினால், தோலில் புண், சிரங்கு, தீக்காயம் இருந்தால், அண்மையில் எலும்பு முறிந்திருந்தால் அழுத்த வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் இலேசான தடவலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சர்க்கரை நோயால் கால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது என்பதால், வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்க, மென்மையாக மட்டுமே செய்ய வேண்டும். கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் கணைக்காலில் எந்தப் புள்ளியையும் பலமாக அழுத்த வேண்டாம்.

வயிற்றுவலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சூசான்லிக்குச் சுமார் 2 சுன் கீழே லான்வெய் என்ற புள்ளி இருக்கிறது. குடல்வால் அழற்சியின்போது அந்த இடம் தொட்டால் வலிக்கும் என்று சீன மருத்துவம் சொல்கிறது. இதைப் படித்துவிட்டுக் காலை அழுத்திப் பார்த்து, வலியில்லை, ஆகவே குடல்வால் அழற்சி இல்லை என்று முடிவு கட்டுவது உயிரோடு விளையாடுவது. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றில் நிலைகொள்ளும் வலி, காய்ச்சலோடு வரும் வயிற்றுவலி, இரத்த வாந்தி, கருப்பு மலம், வியர்வையோடு மேல்வயிற்றில் இறுக்கம் ஆகியவற்றில் எதுவானாலும் காலைத் தொடாமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மோக்ஸா சூடு

நம் மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலையை உலர்த்தி, இடித்து, நாரெல்லாம் நீக்கிப் பஞ்சுபோல் ஆக்கி எடுப்பதே மோக்ஸா. அதைக் காகிதத்தில் சுருட்டிச் சுருட்டு வடிவில் விற்கிறார்கள். பழைய காலத்தில் சிறு கூம்புகளாகத் தோலின் மேலேயே வைத்து எரித்து, புண்ணாக்கித் தழும்பேற்றுவதும் உண்டு. நலமாக இருக்க வேண்டுமானால் சான்லி காயவே கூடாது என்ற சீனப் பழமொழி, அந்தப் புண் ஆறாமல் ஈரமாகவே இருக்க வேண்டும் என்பதைச் சொல்வது. அந்த முறையை இன்று வீட்டில் எவரும் முயலக் கூடாது.

இப்போதைய முறையில், சுருட்டின் நுனியைப் பற்றவைத்துப் புள்ளியிலிருந்து 2 முதல் 3 செ.மீ. தூரத்தில் பிடித்து, இதமான வெதுவெதுப்பு பரவும்படி 10 முதல் 15 நிமிடங்கள் வைத்திருக்கிறார்கள். தோல் இளஞ்சிவப்பானதும் நிறுத்த வேண்டும். சாம்பல் சேரச் சேர நுனி கனத்துத் திடீரென உதிரும். நிமிடத்துக்கொரு முறை ஒரு மண் கிண்ணத்தில் தட்டிவிடாவிட்டால் கனல் காலில் விழுந்து கொப்புளமாகும். மறுகையின் இரண்டு விரல்களைப் புள்ளியின் இருபுறமும் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம், ஏனெனில் சூடு அதிகமாவதைக் கால் உணர்வதற்கு முன் விரல் உணர்ந்துவிடும். கால் உணர்ச்சி குறைந்தவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், காற்றோட்டமில்லாத அறையில் இருப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். முடிந்ததும் சுருட்டை மணலில் முழுவதும் புதைத்து அணையுங்கள். மேலே அணைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும்.

ஊசிக்குப் போகும்போது

ஊசியை நீங்களே குத்திக்கொள்ளக் கூடாது. இந்த இடத்தில் தசைக்கு அடியில் முன்கணைத் தமனியும் ஆழ்நரம்பும் ஓடுகின்றன. பயிற்சி பெற்றவர் ஊசியைச் செங்குத்தாக 1 முதல் 2 சுன் ஆழம் வரை செலுத்துவார். ஊசி இறங்கியதும் உளைச்சல், மரமரப்பு, விம்மல், கனம் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ எழும்; சீன மருத்துவம் இதைத் தே-சி என்று அழைத்து, ஊசி சரியாகச் சேர்ந்ததன் அடையாளமாகக் கொள்கிறது. இந்த உணர்வு வந்தவுடன் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஏனெனில் ஊசியை இன்னும் செலுத்துவதா, அங்கேயே நிறுத்துவதா என்பதை மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

உங்கள் கண்ணெதிரே உறை பிரிக்கப்படும், ஒரு முறை மட்டும் பயன்படுத்தப்படும் ஊசிகளாக இருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, இதயத்தில் பேஸ்மேக்கர், கர்ப்பம், வலிப்பு, ஊசியைக் கண்டால் மயக்கம் வருவது ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு மின்தூண்டல் கொடுப்பதில்லை. வெறும் வயிற்றோடு போக வேண்டாம். முதல் முறை போகிறவர்கள் உட்கார்ந்த நிலையைவிடப் படுத்த நிலையில் ஊசி போட்டுக்கொள்வது நல்லது. தலைசுற்றல் வந்தால் விழும் அபாயம் இருக்காது. ஊசி இருக்கும்போது பாதத்தைத் தூக்கி அசைக்காதீர்கள், ஏனெனில் நீங்கள் புள்ளியைக் கண்டறிய அசைத்த அதே தசைக்குள்தான் ஊசி நிற்கிறது. எடுத்த பிறகு ஒரு துளி இரத்தம் வந்தால் பஞ்சால் ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். அன்று அந்தக் காலில் கனமோ உளைச்சலோ மிஞ்சியிருந்தால் அது தானே அடங்கும். மறுநாளும் பாதம் மரத்தே இருந்தாலோ, குத்திய இடம் சிவந்து வீங்கினாலோ மருத்துவரிடம் திரும்பிப் போய்க் காட்டுங்கள்.